எதை வைப்பது, எதை விடுவது

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தக் கள்ளச் சூதாட்ட மாடிக்கடைக்குள் சிவேந்திரன் அடைபட்டபோது காலை மணி பதினொன்றுகூட ஆகவில்லை. கீழே சாலையில் போலீஸ் வண்டிகள் நின்றன. கடையைப் பார்த்துக்கொள்ளும் கிஷன் இரும்புக் கதவை உள்ளே பூட்டி, சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். விளக்கையும் ஏர்கானையும் அணைத்தான். எட்டு போக்கர் மெஷின்களின் திரைகள் மட்டும் எரிந்தன, அவற்றின் முன் இன்னும் நாலைந்து பேர்.

"பக்கத்துக் கடை ரோவுல ரெய்டு. பாஸ் மெசேஜ் போடற வரைக்கும் யாரும் வெளிய போக முடியாதுலா," என்றான்.

"பன்னிரண்டுக்கு நான் மனுசியைக் கூட்டப் போகவேணும், கிஷன்."

"தெரியும் அங்கிள். நா என்ன பண்றது?"

இரண்டு தெரு தள்ளி டயாலிசிஸ் நிலையத்தில் அவர் மனைவி பிரேமினி படுத்திருந்தாள். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். முடிந்து எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கிவிடும். போன வாரம் வாசல்படியில் சரிந்தவளைத் தாங்கியது இவர் கைதான். அந்த நாலு மணி நேரமும் கணவர் வெளியறையில் பேப்பர் படிக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நாலு மாதமாக அவர் படித்த பேப்பர் இந்தத் திரைதான்.

"ஒரு போன் கோல் மட்டும் எடுக்கிறன்."

கிஷன் தலையாட்டி மறுத்தான். உள்ளே நுழைகிறவர்களின் போனை அணைத்துக் கூடையில் போட்டுவிடுவது கடை வழக்கம். ரெய்டு நேரத்தில் கூடையை யாரும் தொடக்கூடாது.

வேறு வழியில்லாமல் ஆட உட்கார்ந்தார். வேறு வழி இருந்திருந்தாலும் உட்கார்ந்திருப்பார், அது வேறு கதை.

ஆட்டம் எளியது. மெஷின் ஐந்து சீட்டு தரும். வேண்டியதன் கீழே ஹோல்ட் பட்டனை அழுத்தி வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்குப் பதில் ஒரே ஒரு தடவை புதுச் சீட்டு வரும். அவ்வளவுதான். ஆனால் எதை வைப்பது என்பதில்தான் மனிதர்கள் மண்ணைக் கவ்வுகிறார்கள். இரண்டு ஆறு வந்திருக்கும், கூடவே ஒரு ஏஸும் வந்திருக்கும். ஏஸ் ஆயிற்றே, விட மனம் வராது. சிவேந்திரன் ஆறுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஏஸைக் கண்ணை மூடிக்கொண்டு விடுவார். மூன்று புதுச் சீட்டு வந்தால் இன்னொரு ஆறு வர வாய்ப்பு அதிகம். சீட்டில் பாசம் கூடாது என்பது அவர் கட்சி. ரயில்வே தணிக்கைப் பிரிவில் முப்பது வருடம் அடுத்தவர் பிழையைப் பிடித்த மனிதர். தன் பிழையைப் பிடிக்க அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டே கால் ஆனது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் இந்நேரம் நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தார். நினைக்காமலிருக்க வேகமாக ஆடினார்.

பன்னிரண்டரைக்குப் பாஸின் மெசேஜ் வந்து கிஷன் கதவைத் திறந்தான். "பின்பக்கப் படியால ஒவ்வொருத்தரா போங்க. அங்கிள், நீங்க மொதல்ல."

அப்போதுதான் திரையில் அந்தச் சீட்டுக் கை வந்திருந்தது. ஹார்ட்டில் பத்து, ஜாக், ராணி, ராஜா, கூடவே ஒரு நாலு. ஐந்தும் ஹார்ட், அப்படியே எடுத்தாலே வெற்றிதான். ஆனால் கணக்கு வேறு சொல்லும். நாலை விட்டால், ஹார்ட் ஏஸ் வந்து சேர்ந்தால், ஆட்டத்திலேயே பெரிய கை. நாற்பத்தேழில் ஒரு வாய்ப்பு. அவர் நாலை விட்டார்.

ஏஸ் வந்தது.

மெஷின் பாடத் தொடங்கியது. கிஷன் ஓடிவந்து ஒலிபெருக்கியின்மேல் துண்டைப் போட்டு அமுக்கினான். பாட்டு அடங்கவில்லை. நிறுத்தும் சாவி முதலாளியிடம்தான்.

"பாஸ் நேர்ல வந்து பாக்கணும் அங்கிள். நீங்க இங்கயே இருக்கணும். போயிட்டா இந்தக் கை செல்லாது. எப்ப வருவாருன்னு தெரியாது. இருக்கீங்களா, போறீங்களா? கதவ மூடணும்."

கதவு திறந்தே இருந்தது. சிவேந்திரன் அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். இந்தப் பணம் அவளுடைய வைத்தியத்துக்குத்தானே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. நாலு மாதமாக அதே குரல்தான் அவரை மாடி ஏற்றிக்கொண்டிருந்தது.

"இருக்கிறன்," என்றார்.

மற்றவர்கள் போன பின் கதவு மீண்டும் பூட்டப்பட்டது. கிஷன் இரக்கப்பட்டு அவருடைய போனை எடுத்துக் கொடுத்தான். முதல் மணியிலேயே பிரேமினி எடுத்தாள்.

"எங்கை நிக்கிறீங்கள்? அஞ்சு தரம் எடுத்தன்."

"ரோட்டிலதான் பிரேமி. பயங்கர ஜாம்."

துண்டுக்கடியில் மெஷின் பாடிக்கொண்டிருந்தது.

"பாட்டுக் கேக்குது," என்றாள். "வெண்டிட்டீங்களோ?"

அவர் துண்டின்மேல் கையை வைத்து அமுக்கினார்.

"நீங்கள் வெளியறையில இருக்கிறேல்லை, மெஷின் கடைக்குப் போறீங்கள் எண்டு நேர்ஸ் இண்டைக்குத்தான் சொன்னா. நான் நம்பேல்லை." குரலில் கோபமே இல்லை. "சரி, இருந்து வாங்கிக்கொண்டு வாங்கோ. பக்கத்துக் கட்டில் ஹாஜிராவின்ரை மகன் என்னைக் காரில ஏத்தியிட்டான். இனி அவையளோடையே வந்து போறன். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்."

"பிரேமி, இந்தா வாறன், இப்பவே வாறன்."

அவள் போனை வைத்துவிட்டிருந்தாள். சிவேந்திரன் எழுந்துபோய் இரும்புக் கதவைத் தட்டினார்.

"உக்காருங்க அங்கிள்," என்றான் கிஷன். "போலீஸ் திரும்பி வந்திருச்சு. இப்ப தொறக்க முடியாது."