முறிகூட்டி

பக்கத்து வீட்டுப் பார்கவி சேச்சியின் கோழிக்கூட்டுக்கு நான் ஒரு கதவு செய்தேன். செய்ய வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

மகளின் பிரசவத்துக்காகத் திருச்சூருக்குக் கிளம்பும்போது ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டே சொன்னார்: "நாப்பது நாள், ஔசேப்பே. காலையில திற, அந்தியில கையால அடை. அது போதும். உன் வித்தையெல்லாம் என் கூட்டுல வேண்டாம்."

ஆனால் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவனுக்கு அந்தி எந்தக் கிணற்றடியில் வரும் என்று தெரியாது. ஆகவே, மேலும் கீழும் ஓடும் தகரக் கதவு ஒன்றைப் பொருத்தினேன். அதில் கட்டிய கயிறு கப்பியின் மேலாகப் போகும். மறுமுனையில் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன். காலையில் கேனை நிரப்பினால் கதவு மேலே ஏறி நிற்கும். கேனின் அடியில் ஊசித் துளை. பகல் முழுக்கச் சொட்டிச் சொட்டி, ஆறரை மணி வாக்கில் கேன் கதவைவிட இலேசாகிவிடும். கதவு தானாக இறங்கும். மின்சாரம் வேண்டாம், அந்தியில் ஆள் வேண்டாம்.

உராய்வை மறந்துவிட்டேன். நிற்கும் பொருளை அசைக்கத்தான் அதிக விசை வேண்டும். அசைந்துவிட்டால் பிறகு எளிதாக ஓடும். அதனால் கதவு மெல்ல இறங்கவில்லை. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று, ஒரேயடியாக விழுந்தது. ஐந்தாம் நாள் அந்தியில், புள்ளிக்காரி என்று சேச்சி கூப்பிடும் கோழி பாதி உள்ளே, பாதி வெளியே இருந்தபோது. நான் அருகில் நின்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

வாலுக்கு மேலே முதுகில் ஒரு விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்து விலகியிருந்தது. கோழித்தோல் நனைந்த காகிதம் மாதிரி. சதையோடு அதிகம் ஒட்டாது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் சதையில் வெட்டு இல்லை. என் மனைவி ரோஸிலி அதை மடியில் வைத்து, தலைமேல் துண்டைப் போட்டாள். கண்ணுக்கு இருட்டு வந்தால் கோழி அடங்கிவிடும். காயத்தைச் சுற்றியிருந்த இறகுகளைக் கத்தரித்தேன். கொதித்து ஆறிய நீரில் உப்பைக் கரைத்துக் கழுவினேன்.

"மஞ்சளும் வேப்பெண்ணெயும் எடுக்கட்டுமா, இச்சாயா?"

"அது எல்லாரும் போடுறது. வேலியோரம் முறிகூட்டி இருக்கே."

முறி என்றால் இங்கே வெட்டுக்காயம். அதைக் கூட்டிச் சேர்ப்பதால் முறிகூட்டி. இலையின் மேல்பக்கம் மங்கிய பச்சை, அடிப்பக்கம் ஊதா. கசக்கிப் பிழிந்தால் கருஞ்சிவப்பாகச் சாறு வரும். அதன் துவர்ப்பு காயத்தின் ஓரங்களைச் சுருக்கி இரத்தத்தை நிறுத்தும். மோட்டார் விசிறி என் விரலைக் கிழித்தபோது நானே போட்டுப் பார்த்தது. இங்கேயும் ஒரு நிமிடத்தில் இரத்தம் நின்றது.

அப்போது போன் அடித்தது. சேச்சி.

"பேத்தி பொறந்திருக்கா, ஔசேப்பே! என் புள்ளிக்காரி என்ன பண்றா? இந்நேரம் மேல் கம்புக்குச் சண்டை போட்டுட்டு இருப்பாளே?"

"வயிறு முட்டத் தின்னுட்டு ஏறிட்டா, சேச்சி."

போனை வைத்ததும் ரோஸிலி கேட்டாள்: "அப்ப என் மடியில இருக்கிறது யாரு?"

"நல்ல சேதி வந்த வீட்டை எதுக்குடி கலங்கடிக்கணும்?" என்றேன். கருணை மாதிரிதான் ஒலித்தது.

கோழியை மற்றவற்றோடு கூட்டில் விட்டேன். அதற்கும் என்னிடம் காரணம் இருந்தது. தனியே பிரித்துவைத்த கோழி கூட்டத்தில் தன் இடத்தை இழக்கும், திரும்பி வந்தால் அடி வாங்கும். உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு: கோழிக்குச் சிவப்பு கண்ணில் பட்டால் கொத்தாமல் இருக்க முடியாது. நான் அதன் முதுகில் சிவப்புச் சாயம் பூசி, நான்கு அலகுகளுக்கு நடுவில் விட்டிருந்தேன்.

விடிந்ததும் பார்த்தேன். ஒரு விரல் நீளம் உள்ளங்கை அகலமாகியிருந்தது.

"முறிகூட்டின்னு சரியாத்தான் பேர் வெச்சிருக்காங்க," என்றாள் ரோஸிலி. "முறியை நல்லாவே கூட்டிடுச்சு." அவள் சிரிக்கவில்லை.

அதன்பிறகு அவள் சொன்னபடியே செய்தேன். சமையலறை மூலையில் கவிழ்த்த கூடைக்குள் தனி இடம். காலையும் மாலையும் உப்புநீரில் கழுவல். ஆழமான இடத்தில் மெல்லியதாகத் தேன். தேன் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் கிருமி அங்கே பிழைக்காது. சுற்றிலும் வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சள். மஞ்சள் சிவப்பை மறைக்கும், கசப்பு அலகைத் தடுக்கும், நாற்றம் ஈயை விரட்டும். ஈ உட்கார்ந்துவிட்டால் ஒரே நாளில் புழு வந்துவிடும். இத்தனை வேலையையும் செய்யும் அந்தச் சாதாரண மருந்தைத்தான் நான் ஒதுக்கியிருந்தேன்.

மூன்று நாள் அது தீனி தொடவில்லை. அலகைப் பிரித்துக் கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். தினமும் அந்தியில் போன் வரும்.

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா, சேச்சி."

நான்காம் நாள் ஒரு பருக்கையைக் கொத்தியது. மூன்று வாரத்தில் தோல் மூடியது. சேச்சி திரும்பி வந்த அன்று புது இறகுகள் முளைத்து, ஓரங்களில் மஞ்சள் கறை மட்டும் மிச்சமிருந்தது.

"என்னடி, நான் இல்லாதப்போ யாரு உனக்கு மஞ்சள் நீராட்டு நடத்தினது?" என்று அதைத் தூக்கினார் சேச்சி. இறகை ஊதி விலக்கித் தழும்பைப் பார்த்தார். "கீரியா, ஔசேப்பே?"

தலை தானாக ஆடியது. ஆம் என்று.

"பொழைக்க வெச்சிட்டியே! பெத்த புள்ள செய்யமாட்டான் இவ்வளவு. இந்தக் கதவு இல்லேன்னா மத்த நாலையும் தூக்கியிருக்கும். கழட்டாதே, அப்படியே இருக்கட்டும்."

புகழ்ச்சியை விழுங்கியிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அந்தக் கதவு நாளை அந்தியிலும் விழும்.

"கீரி இல்ல, சேச்சி. கதவுதான்," என்றேன். பிறகு முறிகூட்டியையும் கொத்தலையும் மூன்று நாள் பட்டினியையும் சொன்னேன்.

அவர் கோழியை மடியில் வைத்தபடி படியில் உட்கார்ந்தார்.

"பேத்தி பொறந்ததைச் சொல்ல நான் கூப்பிட்டேனே, அப்ப இவ எங்க இருந்தா?"

"ரோஸிலி மடியில."

"கூட்டுல விடல?"

"அப்போ இன்னும் விடல. போனை வெச்சப்புறம்தான் விட்டேன்."

"சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். நல்லாவே திட்டியிருப்பேன்." தழும்பின் மேல் கட்டைவிரலால் தடவினார். "அப்புறம், முறிகூட்டி போட்ட கோழியைக் கூட்டத்துல விடாதேன்னும் சொல்லியிருப்பேன். போன மழைக்காலத்துல நான் அப்படித்தான் ஒண்ணைச் சாகக் கொடுத்தேன்."

இப்போதாவது திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. நான் வீட்டுக்குப் போய் ஸ்பேனரை எடுத்து வந்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கதவையும் கப்பியையும் கேனையும் தனித்தனியே தரையில் வைக்கும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.