கதையில் ஒட்டாத அக்கா

லிஃப்ட் மெக்கானிக் ஒருவனுக்குக் கதை எழுதும் பைத்தியம் பிடித்தபோது வயது நாற்பத்து மூன்று. இணையத்தில் ஓர் எழுத்தாளர் குழுமத்தில் சேர்ந்தான். வாரம் ஒருவர் கதை போட வேண்டும். மற்றவர்கள் அதைப் பிரித்து மேய்வார்கள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. இவன் ‘ஏழாவது மாடி’. எல்லோரும் பயப்படும் பெண்மணி ‘கத்தரி’.

“வானிலை அறிக்கை வேணாம், ஆளைக் காட்டுங்க” என்று அவர் எழுதியதும், முதல் கதையில் மழையை வர்ணித்த முதல் பத்தியைத் தூக்கினான். கதைக்கு நிஜமாகவே மூச்சு வந்தது. அதிலிருந்து கத்தரி சொன்னால் கேட்டுக்கொள்வான்.

மூன்றாவது கதை அக்காவைப் பற்றியது. ஆறு வருடக் கோபம். அப்பா மருத்துவமனையில் கிடந்த கடைசி நாள், பகல் முழுக்கக் கூட இருக்க வேண்டிய அக்கா எங்கோ போய்விட்டாள். வேலை முடிந்து இவன் ஓடியபோது அப்பாவின் உயிர் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. பிறகு மூச்சிரைக்க வந்தவளிடம், “எங்க ஊர் சுத்திட்டு வர்ற?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். அவள் பதிலே சொல்லவில்லை. அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

கத்தரி எழுதினார்: “நர்ஸ், வாட்ச்மேன் எல்லாரும் உயிரோட இருக்காங்க. அக்கா மட்டும் சுவத்துல ஒட்டின போஸ்டர் மாதிரி இருக்காங்க. அவங்க எங்க போனாங்க, உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. அக்கா சினிமாவுக்குப் போனதாக எழுதிப் பார்த்தான், யாரும் நம்பவில்லை. தோழி வீட்டில் தூங்கிவிட்டதாக மாற்றினான்.

“கோபம்தான் தெரியுது, ஆள் தெரியல. அவங்ககிட்டயே கேட்டுப் பாருங்களேன்” என்றார் கத்தரி.

மறுநாள் மதியம், ஒரு கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் அறையில், எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு போன் செய்தான்.

“அக்கா, நான்தான்.”

“வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?” குரலில் பயம்.

“நல்லா இருக்காங்க. ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு எங்க போயிருந்த? சண்டைக்குக் கேக்கல. ஒரு கதை எழுதறேன், அதுல நீ சரியா வரமாட்டேங்கிற.”



“பல்லு எடுக்கப் போனேன்டா.”

“என்ன பல்லு?”

“அப்பாவோடது. மேல் வரிசை முழுக்கக் கட்டின பல்லு. ஆஸ்பத்திரியில சேர்க்கும்போதே கழட்டி என் கையில குடுத்துட்டாங்க. ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்ததால நீ கவனிக்கல. அன்னைக்கு மாஸ்க்கை எடுத்ததும், ‘சாயங்காலம் அவன் வருவான், அவன் முன்னாடி பொக்கை வாயோட இருக்க மாட்டேன், போய் எடுத்துட்டு வா’ன்னு ஒரே பிடிவாதம். நல்லாத்தான் பேசினார். அதனாலதான் வீட்டுக்குப் போனேன். திரும்பும்போது பஸ் நடுவழியில நின்னுடுச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார் மனுஷன். நீ கேட்ட கேள்வியில எனக்கும் வீம்பு வந்துடுச்சு. அந்த டப்பா அப்ப என் கைப்பையிலதான் இருந்தது.”

அவன் கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியது.

“அப்ப, வாயைப் பொத்திக்கிட்டு சிரிப்பாரே...”

“அதுக்குத்தான்.”

“நான் மரியாதைன்னு நினைச்சேன்.”

அக்காதான் முதலில் சிரித்தாள். இவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“மன்னிச்சுடு அக்கா.”

“விடு. கதையில என்னை குண்டா எழுதியிருக்கியா?”

ஆறு வருடச் சுமை இறங்கியது தோளிலேயே தெரிந்தது. மாலைவரை இரண்டு லிஃப்டைச் சரிசெய்தான், களைப்பே இல்லை.

திருத்திய கதையை முதலில் அக்காவுக்குத்தான் அனுப்பினான். “பஸ்ல நான் அழுததா எழுதியிருக்க. அழல, டிரைவரைத் திட்டிக்கிட்டு இருந்தேன்” என்றாள். அது இன்னும் நன்றாக இருந்தது. பல் விஷயத்தைப் போடலாமா என்று தயங்கிக் கேட்டான். “பேர் போடலல்ல? அப்புறம் என்ன, போடு.”

“அக்கா வந்துட்டாங்க” என்று எழுதினார் கத்தரி. “கடைசிப் பத்தி மட்டும் பிரசங்கம். எடுத்துடுங்க.” எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா அவன் வீட்டுக்கு வந்தாள். அவன் மனைவி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே குழுமத்தின் கதைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“எனக்கும் இதுல ஒரு இடம் பிடிச்சுக் குடுடா. உன்னைப் பத்தி எழுத எவ்வளவோ இருக்கு.”

“தாராளமா எழுது” என்றான் அவன்.