கையைப் பிடித்தால் நீளும் தூரம்

விசில் வாத்தியாரின் இளைய மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று, அவளுடைய கட்டிலுக்கும் வாசற்கதவுக்கும் இடையே இருந்த தூரம் ஏறக்குறைய ஒரு மைலாகியிருந்தது. வீடு என்னவோ அதே வீடுதான். இரண்டு அறை, ஒரு கூடம், கூடத்தையும் அறைகளையும் இணைக்கும் ஒரு நடை. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் சந்தேகப்பட்டு நாடா பிடித்து அளந்து பார்த்தபோது பழைய அளவே வந்தது. ஆனால் சின்னவள் கட்டிலை விட்டுக் கால் வைத்ததும் நடை நீண்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பவருக்கும் சேர்த்தே நீண்டது. பல் தேய்க்கக் கிளம்பினால் குழாயைத் தொடுவதற்குள் வெயில் ஏறிவிடும். தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். தூக்கியவருக்கும் அதே தூரம்தான். கையை விட்டுவிட்டால் மட்டும், விட்டவர் நாலே எட்டில் கூடத்துக்கு வந்துவிடலாம். அவள் அங்கேயே, எங்கோ தொலைவில், கட்டைவிரல் உயரத்துக்குச் சிறுத்துத் தெரிய, சுவரைப் பிடித்தபடி வந்துகொண்டிருப்பாள். இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்று தெரியவில்லை. யார் செய்திருந்தாலும் மனிதர்களைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வாத்தியார் காலையில் கணக்கு சொல்லிக்கொடுப்பார், மாலையில் மைதானத்தில் ஓட்டப் பயிற்சி கொடுப்பார். கழுத்தில் விசிலும் ஸ்டாப்வாட்சும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கல்யாணப் படத்தில்கூட விசிலின் கயிறு காலருக்கு வெளியே தெரிகிறது. மைதானத்துச் சுவரில் ‘களைப்பு என்பது கால் சொல்லும் பொய்’ என்று ஆளுயர எழுத்தில் எழுதி வைத்தவரும் அவர்தான். அவர் மனைவி பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவர். எந்த வண்டி எந்த இடத்திலிருந்து எப்போது புறப்படும் என்பதை ஊர் அந்தக் குரலிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளும். மூத்த மகன் பள்ளியிலேயே வேகமாக ஓடுகிறவன். இப்படி நேரம் தவறாத ஒரு குடும்பத்தில்தான் அந்த நோய் வந்து உட்கார்ந்தது. இரத்தத்தில் வந்தது. ஒரு மழைக்காலத்தில் தொடங்கி அடுத்த மழைக்காலத்தையும் தாண்டி இருந்தது. பிள்ளையின் முடி போனது, நகங்கள் கறுத்தன, பிழைப்பாளா என்று கேட்கவே வீட்டில் யாருக்கும் நாக்கு எழவில்லை. கடைசியில் பிழைத்தாள்.

பிழைத்ததோடு எல்லாரும் கை கழுவிவிட்டார்கள் என்பதுதான் வயிறு எரிகிற விஷயம். நோய் இருந்த நாட்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார இடமில்லாமல் உறவும் நட்பும் குவிந்தது. ஆளுக்கொரு பை நிறையப் பழம். நோய் போன மறுவாரம் ஒரு ஆரஞ்சுகூட வரவில்லை. பெரிய டாக்டர் தாளைப் புரட்டிவிட்டு, “ரத்தம் சுத்தமா இருக்கு, நோய் இல்ல. நடை நீளுறதெல்லாம் எங்க வார்டுல சேராதும்மா” என்றார். வாத்தியாரின் அக்கா ஒருமுறை ஆசையாக வந்து மருமகளின் கையைப் பிடித்தார். கொஞ்ச தூரம் கதை சொல்லிக்கொண்டே நடந்தார். பிறகு மூச்சு வாங்கியது, பிறகு வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்ற ஞாபகம் வந்தது. கையை விட்டார். நாலு எட்டில் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, “அதான் நல்லாயிட்டாளே, இன்னும் என்ன அவளப் பொத்திப் பொத்தி வெச்சுக்கிட்டு” என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போனார். சின்னவள் கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது அத்தைக்குப் போட்ட டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

அடுத்தவரைத் திட்டுவதற்கு முன்னால் வாத்தியாரையும் சேர்த்துத் திட்டிவிடுவதுதான் நியாயம். அவர் செய்த தப்பு ஓட்டப் பயிற்சியாளர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தூரம் அதிகமென்றால் பயிற்சியால் அதை வென்றுவிடலாம் என்று அவர் நம்பினார். வாசற்படியில் சுண்ணாம்பால் கோடு கிழித்தார். மகளைக் கட்டிலருகே நிறுத்திவிட்டு, தான் போய்க் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். விசில் ஊதினார், வாட்சை அழுத்தினார், “வா, வா, கைய வீசு, இதோ வந்துட்ட!” என்று கத்தினார். அவள் வந்து சேர்வதற்கு எடுத்த நேரத்தைத் தினமும் சமையலறைக் கதவில் எழுதினார். நேரம் குறைந்தால் கைதட்டினார், கூடினால் உதட்டைப் பிதுக்கினார். பிதுக்கியது மகளுக்குத் தெரியாது என்று நினைத்தார். அவ்வளவு தொலைவிலிருந்தும் அவளுக்குத் தெரிந்தது. ஒருநாள் நடையின் நடுவிலிருந்து அவள் குரல், வெகுதூரம் வந்த களைப்போடு, மெல்லக் கேட்டது. “நீ ஏன்ப்பா எப்பவும் அங்கயே நிக்கிற?”

பயிற்சியாளர் என்றால் முடிவுக்கோட்டில்தான் நிற்பார். இருபது வருஷமாக வேறெங்கும் நின்று அவருக்குப் பழக்கமில்லை. அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து வந்த அம்மா, கோட்டையும் வாட்சையும் ஒரு பார்வை பார்த்தார். ஒலிபெருக்கியில் அத்தனை நிதானமாக வரும் அந்தக் குரல் அன்றைக்குத் தெருவுக்கே கேட்டது. “அவ என்ன உங்க டீம்லயா இருக்கா? செத்துப் பொழச்ச புள்ள அது. வாட்சக் கழட்டி அந்தப் பக்கம் வைங்க மொதல்ல!” வாத்தியார் கழற்றி வைத்தார். அம்மா வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கோட்டை அழித்தார். மறுநாளிலிருந்து நடை நெடுகிலும் நாற்காலிகள் போட்டார். பிள்ளை நடக்க நடக்க நாற்காலிகளும் ஒன்றுக்கொன்று விலகிப்போயின. ஆனாலும் உட்கார ஒரு இடம் வருகிறது என்று தெரிந்து நடப்பது வேறு, தெரியாமல் நடப்பது வேறு.

மூத்தவனுக்கும் ஒரு கோபம் இருந்தது. தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் அவன் பக்கத்து வீடுகளில் சாப்பிட்டான், தானே துவைத்துக்கொண்டான், வெளியூரில் போய் ஓடி ஜெயித்துக் கோப்பை வாங்கி வந்தான். எப்படி ஓடினாய் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கோப்பை பிரிட்ஜ் மேல் தூசி படிந்து நின்றது, அதற்குள் யாரோ மருந்துச் சீட்டுகளைச் செருகி வைத்தார்கள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, “அவளுக்கு சரியாயிடுச்சுன்னு ஊரே சொல்லுது. எனக்கு எப்பம்மா சரியாகும்?” என்று கேட்டான். நடையில் வந்துகொண்டிருந்த தங்கைதான் பதிலுக்குக் கத்தினாள். அவன் விடுவிடென்று போய் அவள் கையைப் பிடித்துச் சண்டை போடத் தொடங்கினான். வாசல் வரும்வரை இருவரும் சண்டை போட்டார்கள். சண்டை முடியாததால் அவன் கையை விடவில்லை. அதன் பிறகு காலையில் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போவது அவன் வேலையாயிற்று.

பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு தெருதான். அந்தத் தெரு நல்ல நாளில் கொஞ்சமாகவும் கெட்ட நாளில் மிகுதியாகவும் நீண்டது. எந்த நாள் எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வாத்தியார் விடியலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பி, சில நாள் முதல் மணிக்குள்ளும் சில நாள் இரண்டாம் பாடவேளை முடியும்போதும் போய்ச் சேர்ந்தார். வகுப்பில் தூரம், நேரம், வேகம் கணக்குப் போடும்போது இப்போதெல்லாம் தூரம் என்று எழுதிவிட்டு ஒரு கணம் நின்றுவிடுவார். தலைமையாசிரியர் பொறுத்துப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. பொறுப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார், அவ்வளவே. ஒருநாள் அறைக்குக் கூப்பிட்டு, “நான் இரக்கம் இல்லாதவன் இல்ல சார். ஆனா மணின்னா மணிதான். உங்க பொண்ணுக்கு நோய் இல்லன்னு டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கார். அப்புறம் என்ன சலுகை? இப்படியே போனா ரிஜிஸ்டர்லேர்ந்து பேர எடுக்க வேண்டியதுதான்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். விளையாட்டு விழாவில் அவள் மைதானத்தை ஒரு சுற்று வந்தால் போதும். தானே கையைப் பிடித்து அழைத்து வருவார். நோயை ஜெயித்த பெண் என்று விளம்பரத் தட்டி வைக்கலாம். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், படம் எடுப்பார்கள். அதன் பிறகு அவள் எத்தனை மணிக்கு வந்தாலும் வகுப்பில் உட்காரலாம்.

நோயில் கிடந்த பிள்ளையை எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன், ஜெயித்த பிள்ளையோடு படத்தில் நிற்க வேண்டுமாம். வாத்தியாருக்கு ரத்தம் கொதித்தது. ராஜினாமா செய்கிறேன் என்று வீட்டில் குதித்தார். சின்னவள்தான் தடுத்தாள். “எனக்கு என் வகுப்புல உக்காரணும்ப்பா. வீட்டுலயே இருந்தா எல்லாரும் என்ன மறந்துடுவாங்க. ஒரு சுத்துதானே” என்றாள். அவள் கேட்டது அந்த ஒன்றுதான், அதற்கும் அவள்தான் நடந்து காட்ட வேண்டியிருந்தது.

விழாவன்று மைதானம் நிறைந்திருந்தது. இறுதி ஓட்டத்துக்காக மூத்தவனும் மற்றவர்களும் காலை உதறிக்கொண்டு நின்றார்கள். தலைமையாசிரியர் புதுச் சட்டையில் வந்து சின்னவளின் கையைப் பற்றி உயர்த்தினார், படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள், இருவரும் நடக்கத் தொடங்கினார்கள். முதல் வளைவுக்குள்ளேயே தடம் நீண்டுவிட்டது. சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்ச தூரம் இருந்தது. பிறகு சட்டை முதுகோடு ஒட்டியது, ஷூ கடித்தது, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இருவரும் சிறுத்துச் சிறுத்து எதிர்ச் சுவரோரம் இரண்டு புள்ளிகளானார்கள். அதில் ஒரு புள்ளி திடீரென்று காணாமல் போனது. நாலு எட்டில் தலைமையாசிரியர் மேடைக்குப் பக்கத்தில் நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மைக்கைப் பிடித்து, “நம் வீராங்கனைக்குப் பலத்த கைதட்டல்! அடுத்ததாக இறுதி ஓட்டம்” என்றார். இன்னொரு புள்ளி அங்கேயே தனியாக வந்துகொண்டிருந்தது.

துப்பாக்கிக்குப் பதில் விசிலால் ஓட்டத்தைத் தொடங்குவது அந்தப் பள்ளியின் வழக்கம். விசில் வாத்தியாரின் வாயில் இருந்தது. அவர் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “சார், கெஸ்ட்டெல்லாம் காத்துட்டு இருக்காங்க, ஊதுங்க” என்றார் தலைமையாசிரியர். “தடத்துல ஆள் இருக்கு சார்” என்றார் வாத்தியார். “ஓடுறவங்க ஒருத்தர் தடத்துல இருக்கிறவரைக்கும் அடுத்த ஓட்டம் கிடையாது. விதி அது. இந்த ஓட்டம் இன்னும் முடியல.” தலைமையாசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கியபோது, கூட்டத்திலிருந்து எழுந்து வந்த அம்மா அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். பிடுங்கினார் என்றும் சொல்கிறார்கள். பேருந்து நிலையத்தின் அந்த நிதானமான குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தடத்தில் ஒரு பிள்ளை வந்துகொண்டிருக்கிறாள். அவள் வந்து சேரும்வரை அடுத்த ஓட்டம் புறப்படாது. அனைவரும் அமர்ந்து காத்திருக்கவும்.” அந்தக் குரல் காத்திருக்கச் சொன்னால் காத்திருந்தே பழகிய ஊர் அது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒருவர் பழக்கதோஷத்தில் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மூத்தவன் தொடக்கக் கோட்டிலேயே சம்மணம் போட்டான், பக்கத்தில் நின்ற மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

வாத்தியார் விசிலை மகனிடம் கொடுத்துவிட்டு மைதானத்தின் குறுக்கே நடந்தார். தனியாகப் போனதால் நிமிஷத்தில் போய்விட்டார். மகளின் கையைப் பிடித்ததும் தூரம் அவர் முன்னாலும் விரிந்தது. அவர் நடந்தார். சுவரில் தான் எழுதிய எழுத்துகளைக் கடக்க அவருக்கு அன்று வெகுநேரம் பிடித்தது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு வீடளவு இருந்தது. அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “கால் பொய் சொல்லாதுப்பா” என்றாள். “சொல்லாதும்மா” என்றார். பெரிய மனிதர்களில் சிலர் காரில் ஏறிப் போனார்கள், சிலர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டு இருந்தார்கள். பொழுது சாய்ந்து, மைதானத்து விளக்குகளைப் போட்ட பிறகு அப்பாவும் மகளும் முடிவுக்கோட்டைத் தாண்டினார்கள். யாரும் கைதட்டவில்லை, தட்டலாமா என்று தெரியாமல் எழுந்து மட்டும் நின்றார்கள். பிறகு மூத்தவன் விசிலைக் கொண்டுவந்து கொடுத்தான், அப்பா ஊதினார், இறுதி ஓட்டம் நடந்தது. மூத்தவன் இரண்டாவதாக வந்தான். எப்படி ஓடினாய் என்று அப்பா கேட்டார். அவன் சொல்லி முடிக்க வீடு வரைக்கும் ஆனது. மறுநாள் வாத்தியார் சுவருக்கு வெள்ளை அடித்தார், அதில் பிறகு எதுவும் எழுதப்படவில்லை.

அவள் அந்த வகுப்பில் உட்கார்ந்தாள், அதற்கடுத்த வகுப்புகளிலும் உட்கார்ந்தாள். தலைமையாசிரியர் முழுச் சுற்றும் கையைப் பிடித்து நடந்ததாக ஓய்வு பெறும் கூட்டம்வரை சொல்லிக்கொண்டிருந்தார். படம்கூட வைத்திருந்தார், தொடக்கக் கோட்டில் எடுத்தது. தூரம் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது, ஆனால் பழைய அளவுக்கு வரவில்லை. அவள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் கட்டிலிலிருந்து வாசலுக்குச் சில காலைகளில் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும், சில காலைகளில் ஆறில். இப்போது அவள் கையைப் பிடித்து நடக்க அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் தேய்ந்துபோன பழைய செருப்பும், குடிக்கத் தண்ணீரும், பேசுவதற்கு விஷயமும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நேரம் இல்லாதவர்கள் வாசலிலேயே நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். “ஒருத்தர் எப்படிப்பட்டவர்னு இப்பல்லாம் வாசல்லயே தெரிஞ்சுடுது, உள்ள கூப்பிட்டு டீ போட்டு வீணாக்க வேண்டியதில்ல” என்கிறார் அம்மா.