பத்து புள்ளி இரண்டு

வகுப்பில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதையெல்லாம் ஒன்றுமில்லை. போன வருஷம் வேதியியல் செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டுவிட்டு, தங்கை வயதுப் பிள்ளைகளோடு மறுபடி வந்து நிற்கிறாள், அவ்வளவுதான். இந்தத் தடவையும் போனால் நர்சிங் படிப்பை மறந்துவிட வேண்டியதுதான். "ஃபெயிலானா வீட்டுப் பக்கம் வராதே" என்று அம்மா காலையிலேயே வாழ்த்தி அனுப்பியிருந்தாள்.

ஆய்வக உதவியாளர் அம்மாள் இளகிய மனசுக்காரி. வருஷா வருஷம் ஒரே அளவில்தான் கரைசல் கலப்பாள். மேசை மேசையாக பாட்டில் வைக்கும்போது விடையையும் சேர்த்தே வைத்துவிடுவாள்.

"பத்து புள்ளி ரெண்டு. மறந்துடாதே கண்ணு."

வேலை இதுதான்: குடுவையில் அமிலம், அதில் நிறங்காட்டி இரண்டு சொட்டு. மேலே மாட்டிய அளவுக் குழாயைத் திறந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அமிலம் தீர்ந்ததும் குடுவை இளஞ்சிவப்பாகும். அதுவரை எத்தனை மில்லி விட்டோம் என்று எழுத வேண்டும்.

அக்கா விட்டாள். பத்து தாண்டியது, இருபது தாண்டியது. நிறம் மட்டும் வருவேனா என்றது. ஐம்பது மில்லியும் காலி. பக்கத்து மேசைக்காரி "இளஞ்சிவப்பு, 10.2" என்று எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டு நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

பேசாமல் அதையே எழுதித் தொலைக்கலாம். பேனா முதல் '1' வரைக்கும் போட்டுவிட்டது. அதை அடித்துவிட்டு எழுதினாள்: "ஐம்பது மில்லி விட்டேன். நிறம் வரவில்லை."

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் முப்பது தாளையும் புரட்டினார். அவள் தாளில் நின்றார். நேரே வந்து, அவளுடைய கார பாட்டிலில் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தார். நீலமாக வேண்டிய தாள் சிவப்பாகவே இருந்தது.

"இதுல என்னம்மா கலந்தீங்க?"

அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பிள்ளைங்களுக்கு விடை சொல்லணுமேங்கிற அவசரத்துல, காரம் போட மறந்துட்டேன் சார். எல்லா பாட்டில்லயும் வெறும் தண்ணி" என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வெறும் தண்ணீரை வைத்து நிறம் வரவழைத்த இருபத்தொன்பது மகான்களும் குனிந்த தலை நிமிரவில்லை. அவர்களை மறுபடி முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டு, தேர்வாளர் அக்காவிடம் திரும்பினார்.

"நீ பாஸ், போகலாம். ஆமா, எல்லாரும் அதை எழுதும்போது உனக்கு மட்டும் எழுதத் தோணலையா?"

"போன வருஷம் அதைத்தான் சார் எழுதினேன்" என்றாள் அக்கா. "குழாயைத் திறக்காமலே."