இரண்டாவது பிரேக்

இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய மனிதருக்கு, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தகுதி உண்டா என்று பார்க்க மூன்று பரீட்சைகள். முதல் இரண்டில் டிரைவர் தேறிவிட்டார். மூன்றாவது மட்டும் இரண்டு முறை மூக்கை உடைத்தது. கற்றுக்கொள்ளும் ஆளை நாமே கூட்டிப்போய், பரீட்சை அதிகாரி பின்சீட்டில் உட்கார்ந்திருக்கப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, ஆபத்துக்கு மட்டும். டிரைவரின் வலது காலுக்கு இந்தச் சட்டம் ஏறவில்லை. முதல் தடவை, பக்கத்து வீட்டுப் பெண் ஓட்ட, பதினோரு முறை மிதித்தார். வண்டியில்தான் கோளாறு என்று அந்தப் பெண் கடைசிவரை நம்பினாள். அடுத்த தடவை மச்சினன், ஏழு முறை. இன்றும் கோட்டைவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. இடுப்பு போனபின் பஸ் ஓட்டும் வேலையும் இல்லை.

மச்சினன் இம்முறை ஊரிலேயே இல்லாதபடி பார்த்துக்கொண்டான். மிச்சம் மனைவிதான். ஒருகாலத்தில் இவரிடம் ஓட்டப் பழகப் போய், பாதி வழியில் இறங்கி நடந்தே வீடு வந்தவள். இப்போது மூன்று மாதமாக வேறொருவரிடம் கற்கிறாள்.

"வரேன். ஆனா ஒரு அதட்டல் கேட்டுச்சு, நடு ரோட்ல சாவியோட எறங்கிடுவேன்."

மனைவி ஸ்டியரிங்கைப் பிடிக்க, டை கட்டிய அதிகாரி பக்கத்து சீட்டில் இருந்த டிரைவருக்குப் பின்னால் அமர்ந்து, ஃபைலை மடியில் வைத்து, தொண்டையைச் செருமினார்.

"இந்தத் தொழிலுக்கு நிதானம்தான் முதலீடு. முப்பது வருஷமா பின்சீட்ல உக்கார்றேன். என் கால் ஒரு நாளும் அசைஞ்சதில்ல."

வண்டி கிளம்பியது. "கண்ணாடியைப் பாருங்க," என்றார் டிரைவர்.

"யாரைச் சொல்றீங்க?"

"உங்களைத்தான்."

"பத்தொன்பது வருஷத்துல இன்னிக்குத்தான் மரியாதை வந்திருக்கு சார்," என்றாள், பின்சீட்டுக்குக் கேட்கும்படி.

டிரைவர் பல்லைக் கடித்து, அதைச் சிரிப்பாக மாற்றினார்.

கடைத்தெருவில், முன்னால் நின்றிருந்த லாரி பின்னோக்கி நகரத் தொடங்கியது. டிரைவரின் வலது கால் துடித்தது. சட்டென்று மனைவியின் காலைப் பார்த்தார். அது ஏற்கெனவே பிரேக்குக்கு வந்திருந்தது.

"எவ்வளவு தள்ளி நிறுத்தப் போறீங்க?" குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"லாரிக்காரர் மூஞ்சி அவரோட கண்ணாடில தெரியற மாதிரி."

"பிரேக்! பிரேக்!" என்று பின்னாலிருந்து ஓர் அலறல். டிரைவரின் இடுப்பில், சீட்டையும் தாண்டி, அதிகாரியின் இரண்டு ஷூக்கள் இறங்கின.

வண்டி குலுங்காமல் நின்றது. லாரிக்கும் வண்டிக்கும் நடுவில் இன்னும் இரண்டு கார் நிற்க இடம் இருந்தது. ஃபைல் மட்டும் தரையில் கிடந்தது.

"சார், அங்க பிரேக் இல்ல," என்றாள் மனைவி, மிகுந்த மரியாதையுடன்.

அதிகாரி காகிதங்களைப் பொறுக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். கடைசியில், "எத்தனை தடவை மிதிச்சீங்க?" என்றார்.

"நான் மிதிக்கல சார்," என்றார் டிரைவர்.

அந்த 'நான்' அதிகாரிக்கு உறைத்தது. டையைச் சரிசெய்துகொண்டு, 'தேர்ச்சி' என்று எழுதி, தேவைக்கு அதிகமாக அடிக்கோடிட்டார்.

வீட்டு வாசல்வரை மனைவியே ஓட்டிவந்தாள். எஞ்சினை அணைத்து, சாவியை உருவினாள். "எறங்கலையா?"

"ஒரு நிமிஷம் இரு."

வலது காலைத் தூக்கி, இரண்டாவது பிரேக்கில் வைத்து, அடிவரை அழுத்தினார். முக்கால் மணி நேரமாக அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

"மிதிங்க, நல்லா மிதிங்க," என்றாள் அவள். "சாவி என்கிட்டதான் இருக்கு."