காருக்குள் ஒரு பம்பு

தெய்வசிகாமணி அதுவரை ஒரு காரில் ஏறி உட்கார்ந்ததுகூட இல்லை. அவனிடம்தான் வெர்னர் துரை தமக்கு ஒரு பழைய கார் பார்த்துத் தரும்படி கேட்டார். அதற்கு ஒரு நாள் கூலியும் தருவதாகச் சொன்னார்.

வெர்னர் ஜெர்மனிக்காரர். சுரங்கத்து மண்ணையும் கல்லையும் ஆராய நெய்வேலிக்கு வந்தவர். கல்லைக் கையில் கொடுத்தால் அதன் வயதைச் சொல்வார். காரைக் காட்டினால் அதன் நிறத்தை மட்டும்தான் சொல்வார். அவர் மனைவி எல்சாவுக்கு எட்டாம் மாதம். பிரசவத்துக்குப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்திருந்தார்கள். வலி கண்ட நேரத்தில் ஆபீஸ் ஜீப் கிடைக்குமா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் சொந்தக் கார் வேண்டும். வழியில் நின்றுவிடாத காராக வேண்டும்.

"ஏன் சார், என்னை?" என்று தெய்வசிகாமணி, மாலை வகுப்பில் படித்திருந்த ஆங்கிலத்தில் கேட்டான்.

சுரங்கத்தைச் சுற்றி நிலத்தடி நீரை ஓயாமல் இறைக்கும் பம்புகளில் ஒன்றில் அவன் ஹெல்பர். மணிக்கொரு தடவை அளவு பார்த்து எழுதுவது வேலை. வெர்னர் தினமும் வந்து அந்த நோட்டிலிருந்து நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு போவார்.

"மற்ற ஷிப்டுக்காரர்கள் எழுதுவது எல்லாம் அழகாக இருக்கிறது. நீ மட்டும்தான் சில எண்களுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு சொல்லை எழுதுகிறாய். விசாரித்தேன். 'சந்தேகம்' என்றார்கள். எனக்கு அந்த ஆள்தான் வேண்டும்."

மறுக்கத் தெரியாமல் ஒப்புக்கொண்டு வந்தவன், நேராக ஒர்க்ஷாப் பிட்டர் கொளஞ்சிநாதனிடம் போய் நின்றான்.

"நானே வந்திருப்பேன். ஆனா ஞாயித்துக்கெழம எனக்கு மொத ஷிப்டு. சொல்றத எழுதிக்கினு போ" என்றான் கொளஞ்சிநாதன். டயரில் தொடங்கி சைலன்சர் புகையின் நிறம்வரை பதினொரு விஷயம் சொன்னான். தெய்வசிகாமணி வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை, குள்ளஞ்சாவடியில் ரைஸ்மில் முதலாளி ராமசாமியின் கறுப்புக் கார், துடைத்துப் பொட்டு வைத்து நின்றது. ஆறு வருஷப் பழசு. தெய்வசிகாமணி குனிந்தான், நிமிர்ந்தான், ஹாரன் அடித்தான், நோட்டில் டிக் போட்டான். வெர்னர் கைகட்டிப் பின்னாலேயே நடந்தார்.

"இன்னா தம்பி, காரு வாங்க வந்தியா, ஜாதகம் எழுத வந்தியா?" என்றார் ராமசாமி.

பதினொன்றும் சரியாக இருந்தது. அதுவே அவனைப் பயமுறுத்தியது. எல்லாம் சரி என்று சொல்ல தான் யார்? பையில் கைவிட்டான். பம்பு ஹவுஸில் சத்தம் கேட்பதற்கு வைத்திருக்கும் நீண்ட ஸ்க்ரூடிரைவர் கையில் பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்திருந்தான். ஓடுகிற என்ஜினில் அதன் நுனியை வைத்து, பிடியில் காதை ஒட்டினான்.

"டாக்டரு வந்துட்டாருடா!" என்றார் ராமசாமி. மில்லாட்கள் சிரித்தார்கள்.

விசிறிக்குப் பின்னால் வைத்தபோது சத்தம் மாறியது. கரகரவென்று, அரிசியில் கல் அரைபடுவது போல. போன மாதம் நாலாம் நம்பர் பம்பில் இதே சத்தத்தைக் கேட்டு 'சந்தேகம்' என்று எழுதி ஃபோர்மனிடம் திட்டு வாங்கினான். இரண்டாம் நாள் பேரிங் போயிற்று. ஆனால் இது கார். எல்லாக் காரும் இப்படித்தான் கத்துமோ என்னவோ? வேண்டாம் என்று சொல்லி நல்ல வண்டியைத் தவறவிட்டுவிட்டால்? வாங்குங்கள் என்று சொல்லி அந்த அம்மா நடுரோட்டில் கிடந்தால்?

வெர்னரிடம் திரும்பினான். "சார், எனக்குக் கார் தெரியாது. இதற்குமுன் கார் என்ஜினைக் கேட்டதே இல்லை. பம்பில் இந்தச் சத்தம் வந்தால் நிறுத்திவிடுவோம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

வெர்னர் கோபிக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை வாங்கித் தாமும் காதில் வைத்துப் பார்த்தார்.

"தொரகிட்ட இன்னா சொல்ற?" என்று ராமசாமி கேட்டார். சொன்னதை அப்படியே தமிழில் சொன்னான்.

ராமசாமி வயிறு குலுங்கச் சிரித்தார். "அடப் போய்யா! விசிறிக்குப் பின்னால இருக்கறதே பம்புதான். என்ஜினுக்குத் தண்ணிய சுத்தி உடற பம்பு!"

"காருக்குள்ள பம்பா?"

தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. அவன் குரலே மாறிவிட்டது. என்ஜினை நிறுத்தச் சொன்னான். விசிறியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினான். அது 'கடக் கடக்' என்று ஆடியது.

"இது போய்டுங்க மொதலாளி. ரெண்டு மாசமோ, ரெண்டு மைலோ. வேற பம்பு போட்டுக் குடுங்க, எடுத்துக்கறோம்."

ராமசாமி சிரிப்பை விழுங்கினார். "டிரைவரும் சொல்லிகினுதான் இருந்தான். மில்லு வேலையில உட்டுட்டேன். போட்டுடலாம். மத்தபடி வண்டி தங்கம், தம்பி."

புதன்கிழமை கடலூரிலிருந்து புதுப் பம்பு வந்தது. கொளஞ்சிநாதனே போய் மாட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "பதினொண்ணு சொன்னவன் பம்ப மறந்துட்டேன் பாரு. நல்ல வேள, பம்புக்காரன் நீ போன."

வெர்னர் காரை வாங்கிய பிறகும் தெய்வசிகாமணிக்கு நிம்மதியில்லை. கார் ஒழுங்காக ஓடுகிறது என்று தினமும் டைரியில் எழுதினான். பக்கத்தில் 'இன்றுவரை' என்றும் எழுதினான். மூன்றாம் வாரம் ஒரு வியாழக்கிழமை நீர்மட்டம் குறிக்க வெர்னர் வரவில்லை. விடியற்காலையிலேயே பாண்டிச்சேரிக்குக் கிளம்பிவிட்டார்கள் என்றார்கள். அன்று முழுதும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு, சவரம் செய்யாத முகத்தோடு வெர்னர் பம்பு ஹவுஸ் வாசலில் வந்து நின்றார். தாயும் பிள்ளையும் சுகமா என்று கேட்க வேண்டிய இடத்தில், "சூடு காட்டும் முள் எங்கே நின்றது, சார்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வெர்னர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். கார் குலுங்கியதில் கோணலாகிப்போன எழுத்து. வடலூர், பாதிக்குக் கீழே. குள்ளஞ்சாவடி, பாதிக்குக் கீழே. கடலூர், அதே. கடைசியாக அரியாங்குப்பம். அதற்கு நேரே எண்ணும் இல்லை, அளவும் இல்லை. தமிழில் ஒரே ஒரு சொல், பார்த்துப் பார்த்து வரைந்தது: 'சந்தேகம்'.

"அங்கே எல்சா கத்தினாள். முள்ளைப் பார்க்க முடியவில்லை" என்றார் வெர்னர். "பெண் குழந்தை."