மாப்பிள்ளை கை வைத்த கம்ப்யூட்டர்

கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் மாமியார் தன்னை ஒரு தடவைகூடத் திட்டியதில்லை என்பது அவனுக்கு ஒரு குறையாகவே இருந்தது. பெற்ற மகளை வாய் நிறையக் கழுதை என்பார். மகனை ஃபோனிலேயே பிடிபிடியென்று பிடித்துவிடுவார். மருமகனிடம் மட்டும் "வாங்க மாப்பிள்ளை", "உக்காருங்க மாப்பிள்ளை", "ஃபேனைக் கூட்டி வைக்கட்டுமா மாப்பிள்ளை" என்று ஒரே உபசாரம். இன்டர்வியூவுக்கு வந்தவன் போல அவன் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருப்பான்.

அவன் லிஃப்ட் பொருத்தும் கம்பெனியில் டெக்னீஷியன். மாமியார் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் பத்து நாள் வேலை வந்தது. "அம்மா வீடு இருக்கும்போது ஹோட்டல் எதுக்கு?" என்று மனைவி அங்கேயே தங்கச் சொல்லிவிட்டாள். வந்து பார்த்தால் லிஃப்ட் இருக்கிறது, கதவுகள் வரவில்லை. லாரி எங்கோ வழியில் நிற்கிறதாம். சும்மா உட்கார்ந்தால் அவனுக்குக் கை நமநமக்கும்.

மாமியார் வீட்டின் முன்னறைதான் கடை. ஸ்டிக்கர் வெட்டும் கடை. சுவரோரம் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வினைல் ரோல்கள், ஜன்னலை ஒட்டி இரண்டடி அகல வெட்டு மெஷின், பக்கத்தில் கம்ப்யூட்டர். கடைக் கண்ணாடி, ஆட்டோ முதுகு, டாக்டர் வீட்டுக் கதவு என்று அந்தத் தெருவில் எந்த எழுத்தைப் பார்த்தாலும் அது இந்த மெஷினின் கத்தியில் பிறந்ததாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஓடியது. மெஷினோடு வந்த வெட்டும் புரோகிராம் அதில்தான் ஓடும். அதை எழுதிய கம்பெனியை இழுத்து மூடிப் பல வருஷமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

"அத்தை, இது ரொம்பப் பழைய லினக்ஸ். புதுசு ஏத்தித் தரட்டுமா?"

"நல்லாத்தானே ஓடிட்டிருக்கு மாப்பிள்ளை?"

"இன்னும் வேகமா ஓடும் அத்தை."

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி. கையில ஒரு வேலை இருக்கு. அரை மணி நேரம் குடுங்க, முடிச்சிட்டு எழுந்துக்கறேன்."

அரை மணி நேரம் கழித்து அவன் உட்கார்ந்தான். புது லினக்ஸ் தடங்கலில்லாமல் ஏறியது. கடைசியில் கம்ப்யூட்டர் ஒன்று கேட்டது: நாற்பத்து மூன்று கோப்புத் தொகுப்புகள் இனித் தேவைப்படாது போலத் தெரிகிறது, நீக்கிவிடட்டுமா? லிஃப்டில் ஒரு வயரைத் தொடுமுன் மூன்று தடவை பார்க்கிறவன், இங்கே படிக்காமலே 'ஆம்' என்று தட்டினான். குப்பை போனால் நல்லதுதானே.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஐஸ்கிரீம் வண்டிக்காரர் வந்தார். புதிதாகப் பெயின்ட் அடித்த குட்டி வேன் வாசலில் வெள்ளை வெளேரென்று நின்றது. அன்று மதியம் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூட விளையாட்டு விழா. பெயரும் ஃபோன் நம்பரும் எழுதாத வண்டியை உள்ளே விடமாட்டார்களாம்.

"குளுகுளு. அவ்வளவுதான்மா பேரு. ரெண்டு பக்கமும் பெரிசா. கீழ நம்பர்."

"ஒரு மணி நேரத்துல முடிச்சிரலாம்" என்று மாமியார் நீல ரோலை மெஷினில் ஏற்றினார். திரையில் இருந்த வெட்டும் புரோகிராமின் படத்தை இரண்டு தடவை தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார். அம்புக்குறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே நின்றது. திறக்க மாட்டேன் என்றுகூட அது சொல்லவில்லை.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வர்றீங்களா?" என்றார் மிக மென்மையாக.

அவன் ஓடி வந்து உட்கார்ந்தான். கட்டளைகளை நேரடியாகத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து புரோகிராமின் பெயரை அதில் தட்டினான். படத்தைத் தட்டினால் ஊமையாக இருப்பது, இப்படிக் கேட்டால் வாயைத் திறக்கும். திறந்தது. இன்ன லைப்ரரி வேண்டும், அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது.

"என்ன சொல்லுது?" என்று வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஒரு லைப்ரரி காணோம்னு சொல்லுது."

"லைப்ரரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இருக்குங்களே! நேத்துகூடப் பாத்தேன்."

"அது இல்லைங்க. இது எல்லா புரோகிராமும் பொதுவா எடுத்துப் பயன்படுத்தற ஃபைல். ஆளுக்கு ஒண்ணு வாங்காம, மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் சேத்து ஒரே ஏணி வெச்சுக்கற மாதிரி."

"ஏணியை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"அதேதான்."

யார் தூக்கிக்கொண்டு போனது என்று மாமியார் கேட்கவில்லை. அவன் தேடினான். அதே பெயர், கடைசியில் அதே எண், ஒரு எழுத்து மாறாமல் அந்தக் கோப்பு கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அவனுக்கு உயிர் வந்தது. "இதோ இருக்கு அத்தை! கண்ணு முன்னாடி வெச்சுக்கிட்டு இல்லைங்குது." அதை நகலெடுத்துப் புரோகிராமின் பக்கத்திலேயே வைத்து, இங்கே பார் என்று வழியும் காட்டினான்.

இப்போது வேறு பாட்டு. கோப்பு கிடைத்துவிட்டது, ஆனால் அதன் வகை தவறு, அறுபத்து நாலு என்றது.

அவன் தலையைச் சொறிந்தான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். மறுபடி அதே அறுபத்து நாலு. மணி பதினொன்றைத் தாண்டியது. வண்டிக்காரர் வாசலுக்குப் போய்த் தன் ஐஸ் பெட்டியின் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். மாமியார் ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, நான் கேக்கறது தப்பா இருந்தா விட்டுருங்க. அந்த அறுபத்து நாலு என்ன, அளவா?"

"ஒரு மாதிரி அளவுதான் அத்தை. இப்ப வர்ற புரோகிராம் எல்லாம் அறுபத்து நாலு பிட்."

"நம்மகிட்ட இருக்கறது இப்ப வந்ததில்லையே." மாமியார் சுவரோரம் கை காட்டினார். "அங்க பாருங்க, ரெண்டு நீல ரோல். ஒரே கம்பெனி, ஒரே கலர், டப்பா மேல ஒரே நம்பர். ஒண்ணு ரெண்டடி, இன்னொண்ணு நாலடி. பேரைப் பாத்து நாலடியை எடுத்துட்டு வந்தா இந்த மெஷின்ல ஏறுமா? இதுவும் அப்படி எதாவதா?"

அவன் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டான்.

"முப்பத்து ரெண்டு! அத்தை, நம்ம புரோகிராம் முப்பத்து ரெண்டு பிட். அதுக்குன்னு தனியா முப்பத்து ரெண்டு பிட் லைப்ரரி இருந்திருக்கும். அது..."

பாதியில் நிறுத்தினான். அது எங்கே போயிருக்கும் என்று அந்த நொடியில்தான் அவனுக்கு உறைத்தது. நாற்பத்து மூன்று. குப்பை. ஆம்.

புது லினக்ஸ் மேல் பழியைப் போட்டுவிடலாம். மாமியாருக்கு என்ன தெரியப்போகிறது என்று ஒரு எண்ணம் வந்தது. ஆனால் ரோலைக் காட்டி விஷயத்தைப் பிடித்தவர் அவர். அவரிடம் போய்ப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அத்தை, அது தானா போகல. நேத்து நான்தான் அழிச்சேன். தேவையில்லாதது நாப்பத்து மூணு இருக்கு, எடுத்துரட்டுமான்னு கேட்டுச்சு. நான் ஆமான்னு தட்டிட்டேன்."

"என்னென்னன்னு காட்டுச்சா?"

"காட்டுச்சு."

"படிச்சீங்களா?"

"இல்ல அத்தை."

மாமியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். பிறகு வந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? படிக்காம ஒருத்தர் ஆமாம்பாரா? ஓடிட்டிருந்ததை வேகமா ஓட வெக்கறேன்னு வந்து படுக்க வெச்சிட்டீங்களே! நாளைக்கு லிஃப்ட்ல கயிறு தேவையில்லைன்னு சொன்னா அதையும் கழட்டிருவீங்களா? அங்க ஒரு மனுஷன் ஐஸைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு, இங்க நீங்க ஆமான்னு தட்டிட்டு சாப்பிடப் போயிருக்கீங்க!"

வண்டிக்காரர் மேல்கூரையை ஆராய்ந்தார். மாமியார் தாமே திடுக்கிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவனோ சிரித்துவிட்டான். அடக்கிப் பார்த்தும் முடியவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியில் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக முதுகைச் சாய்த்துக்கொண்டான்.

"எதுக்குச் சிரிக்கறீங்க?"

"கயிறு விஷயம் நல்லா இருந்துச்சு அத்தை."

"சிரிப்பு வேற! வேலையைப் பாருங்க" என்றார் மாமியார். அவர் உதடும் ஒரு பக்கமாக நெளிந்தது.

வேலை ஓடத் தொடங்கியது. அவன் முப்பத்து இரண்டு பிட் லைப்ரரியை இணையத்திலிருந்து இறக்கினான். புரோகிராம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, இன்னொன்று காணோம் என்றது. அதையும் இறக்கினான். இன்னொன்று என்றது. "கேக்கறதை மொத்தமாக் கேக்கக் கூடாதா இது?" என்றார் மாமியார் எரிச்சலாக. கேட்கும். அதற்கென்றே ஒரு கட்டளை இருப்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. தட்டியதும் அந்தப் புரோகிராமுக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியல் நீளமாக வந்தது. எதிரே 'கிடைக்கவில்லை' என்று இருந்தவை ஏழு. மாமியார் ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டி வாசிக்க, அவன் தட்டினான். ஒவ்வொன்று இறங்கியதும் மாமியார் ஒரு காலி வினைல் தாளில் பேனாவால் கோடு இழுத்தார். ஆறு கோடு விழுந்தது.

ஏழாவது எங்கும் கிடைக்கவில்லை. அது அவ்வளவு பழையது, புது லினக்ஸில் யாரும் வைத்திருக்கவே இல்லை. மணி பன்னிரண்டு.

"இது நேத்து வரைக்கும் இந்தக் கம்ப்யூட்டர்லயே இருந்துச்சு அத்தை" என்றான் அவன் பரிதாபமாக. "நேத்துக் காலையில இருந்த மாதிரி ஒரு காப்பி இருந்தாப் போதும்."

மாமியார் மேசை இழுப்பறையைத் திறந்தார். கத்திகளுக்கு அடியிலிருந்து, துணியில் சுற்றிய உள்ளங்கை அளவு டிஸ்க் ஒன்றை எடுத்து அவன் முன் வைத்தார். அவன் பக்கம் பார்க்கவில்லை.

"இது என்னது?"

"காப்பி."

"எப்ப எடுத்தீங்க?"

"நேத்து. அரை மணி நேரம் கேட்டேனே."

"அத்தை! அப்ப நான் கெடுத்துருவேன்னு முன்னாடியே..."

"கெடுத்துருவீங்கன்னு இல்ல. மாப்பிள்ளை கை வைக்கறேன்னு ஆசையாச் சொல்றாரு. வேண்டாம்னு சொன்னா மனசு நோகும். காப்பி எடுத்து வெச்சா யார் மனசும் நோகாது."

"காலையிலயே குடுத்திருந்தா?"

"குடுத்திருந்தா மட்டும்? உங்க மேல நம்பிக்கை இல்லைன்னு ஆயிடாதா?"

வண்டிக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நல்ல குடும்பங்க. ஒருத்தர் மனசு நோகாம இருக்க என் ஐஸ் உருகுது."

டிஸ்க்கில் அந்த ஏழாவது கோப்பு சமத்தாக உட்கார்ந்திருந்தது. அவன் அதை எடுத்துப் புரோகிராமின் பக்கத்தில் வைத்தான். பட்டியலை மறுபடி கேட்டான். 'கிடைக்கவில்லை' என்று ஒன்றும் இல்லை. "நீங்களே தட்டுங்க அத்தை" என்று எழுந்து இடம்விட்டான். மாமியார் படத்தை இரண்டு தடவை தட்டினார். அம்புக்குறி சுற்றியது. சாம்பல் நிறத்தில் அந்தப் பழைய ஜன்னல், வழக்கமான அழுக்குப் பொத்தான்களோடு திறந்துகொண்டது. மூன்று பேரும் கை தட்டினார்கள்.

மெஷின் கிர் கிர்ரென்று வெட்டியது. நீளத் துண்டு ஒட்டும்போது சுருங்கிவிடும் என்பதால் பெயரைப் பாதி பாதியாகவும் நம்பரைத் தனியாகவும் வெட்டினார்கள். எழுத்தைச் சுற்றியிருக்கும் வேண்டாத வினைலை இடுக்கியால் உரித்தெடுக்கும் வேலை அவன் தலையில் விழுந்தது. 'ளு'வின் சுழிக்குள் இருந்த துளியைப் பிடுங்கப் போய் எழுத்தையே பிடுங்கினான். "படிச்சுப் பாத்துப் பிடுங்குங்க மாப்பிள்ளை!" என்று மாமியாரின் குரல் வந்தது. ஒரு பாதியை மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று.

ஒரு மணிக்கு மூவரும் வெயிலில் வேனைச் சுற்றி நின்றார்கள். அவன் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

"அத்தை, இது முதல் பாதியா, ரெண்டாவது பாதியா?"

"ரெண்டும் 'குளு'தான் மாப்பிள்ளை. எதை எங்க ஒட்டினாலும் தப்பாகாது. உங்களுக்குன்னே வெச்ச பேரு."

வண்டிக்காரர் இரண்டு பக்கமும் சுற்றி வந்து பார்த்து, கையோடு இரண்டு ஐஸை எடுத்து நீட்டிவிட்டு, மணியை அடித்துக்கொண்டே தெருமுனை திரும்பினார்.

அவர்கள் வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. லிஃப்ட் கதவுகள் வந்துவிட்டனவாம், உடனே வர வேண்டுமாம். அவன் எழுந்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் மாமியார். "பல் டாக்டர் கதவுக்கு எழுத்து உரிக்கணும். உங்க லிஃப்ட் கதவு இத்தனை நாள் வராம இருந்துச்சே, ஒரு மணி நேரம் காத்திருக்காதா? உள்ள வாங்க."